மாமியாருக்கு மூன்று நிமிடம்

போடிக்காரி · பிப்ரவரி 11, செவ்வாய், இரவு 10:40

வணக்கம். சமையல் பகுதிக்கு மட்டும் வந்து போகிற ஆள் நான். இன்று வேறு காரியமாக வந்திருக்கிறேன்.

என் மாமியார் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். 90 வயது. நோய் நொடி என்று படுக்கவில்லை, தூக்கத்திலேயே. மினசோட்டாவில் லிண்ட்ஸ்ட்ராம் பக்கத்தில் பால் மாடு வைத்திருந்த குடும்பம். அப்பா வழி, அம்மா வழி இரண்டும் ஸ்வீடன். 22 வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை தேவாலயத்தில் இறுதி ஆராதனை. அடக்கம் மட்டும் ஏப்ரலில், நிலம் இளகின பிறகு.

என் கணவர்தான் கடைக்குட்டி. தன்னால் பேச முடியாது என்று கையை விரித்துவிட்டார். அதனால் நாத்தனாரும் நானும் பேச வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். "அழுதாலும் மூன்று நிமிடம்தான்" என்று நாத்தனார் போனில் சொல்லிவிட்டார்.

என் அம்மாச்சி செத்தபோது போடியில் தெருவே கூடி மாரடித்தது. யாரும் யாரிடமும் நேரம் கேட்கவில்லை. இங்கே யாரும் குரலே உயர்த்த மாட்டார்கள். எழுத உட்கார்ந்தால் "அன்பானவர், பண்பானவர்" என்று போஸ்டர் வாசகம்தான் வருகிறது. இந்த மாதிரி இடத்தில் பேசியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.


ரயில்வேகாலனி · பிப்ரவரி 12, காலை 6:15

ஆழ்ந்த இரங்கல் அம்மா. மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஒரு கேள்வி. நீங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள்? அங்கே மாமியாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று கேள்வி. அதிலிருந்து ஆரம்பித்தால் என்ன?


சுக்குகாப்பி · பிப்ரவரி 12, காலை 7:02

சிகாகோவிலிருந்து. ஆண்டர்சன்வில் பகுதியில் 6 வருடம் குடியிருந்தேன், அது பழைய ஸ்வீடன்காரர்கள் பேட்டை. அந்தத் தேவாலயங்களில் இரண்டு மூன்று இறுதி ஆராதனைக்குப் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே யோசனை: ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசுங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம், அதை அவர்கள் அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள்.


போடிக்காரி · பிப்ரவரி 12, பகல் 1:30

ரயில்வேகாலனி சார், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி முதல் நாளே சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் ஓட்டினேன். பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன், திரும்பிப் பார்ப்பார். பிள்ளை பிறந்த பிறகுதான் விமோசனம். பிள்ளைகள் கூப்பிடுகிற பெயரையே நானும் பிடித்துக்கொண்டேன்: மோர்மோர். ஸ்வீடிஷ் மொழியில் பாட்டி.

என் அப்பா முதல் தடவை இங்கே வந்தபோது இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "ஏம்மா, பிள்ளைக எந்நேரமும் மோர் மோர்னு கத்துதே, தாகத்துக்கு ஏதாச்சும் கொடுக்கக் கூடாதா?"

இதை மோர்மோரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் நாலைந்து தடவைதான் இருக்கும். அதில் இது ஒன்று. அப்புறம் அப்பா எப்போது வந்தாலும் கடையில் மோர் வாங்கி வைத்துவிடுவார்.


வடக்குக்காற்று · பிப்ரவரி 12, பகல் 2:10

ஸ்டாக்ஹோமில இருந்து எழுதுறன் அக்கா. உங்கட துயரில நானும் பங்கெடுக்கிறன்.

ஆனால் ஒண்டு சொல்லாமல் இருக்க ஏலாது, குறை நினைக்க வேண்டாம். மோர்மோர் எண்டால் அம்மான்ர அம்மா. மோர் எண்டால் அம்மா, ஃபார் எண்டால் அப்பா. உங்கட மனிசன்ர அம்மா உங்கட பிள்ளையளுக்கு ஃபார்மோர் எல்லோ வர வேணும்? எங்கட அம்மம்மா, அப்பம்மா மாதிரியேதான். நான் இஞ்ச வந்த புதுசில மொழி படிக்கேக்க, எல்லா நாட்டாக்களும் இதில தடுமாறிச்சினம். நான் மட்டும் ஒரே நாளில படிச்சு முடிச்சிட்டன். மாமாவுக்கு 'அம்மாவின் சகோதரன்' எண்டு ஒரு சொல், சித்தப்பாவுக்கு 'அப்பாவின் சகோதரன்' எண்டு வேற சொல். அத்தைக்கு ஒண்டு, சித்திக்கு ஒண்டு. பெரியம்மா, சின்னம்மா எண்ட வயது வித்தியாசம் மட்டும்தான் இல்லை.

இஞ்ச ஒருத்தரும் இதை மாத்திச் சொல்ல மாட்டினம். அதுதான் கேக்கிறன்.


நேர்கோடு · பிப்ரவரி 12, பகல் 3:25

இறந்தவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது தமிழ்த் தளம். மினசோட்டா ஸ்வீடன்காரப் பாட்டிக்கும் இந்தத் தளத்துக்கும் என்ன சம்பந்தம்? பொதுப் பகுதிக்கு மாற்றலாமே.


சுக்குகாப்பி · பிப்ரவரி 12, பகல் 3:31

இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டி. சம்பந்தம் போதுமா, ரேஷன் கார்டும் வேண்டுமா?


மட்டுறுத்துநர் · பிப்ரவரி 12, மாலை 4:00

இழை இங்கேயே இருக்கும். துக்க வீட்டில் சண்டை வேண்டாம்.


போடிக்காரி · பிப்ரவரி 13, காலை 9:20

வடக்குக்காற்று தங்கச்சி, நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஆடிப்போனேன். 19 வருடமாகத் தப்பாகவா கூப்பிட்டோம்? உடனே நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவர் பிள்ளைகளும் மோர்மோர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே அது சரி, மகள் வயிற்றுப் பிள்ளைகள். அதைக் கேட்டு என் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அதுவும் இல்லையாம்.

மாமியாரை வளர்த்தது அவருடைய அம்மாவின் அம்மா. 1889இல், 17 வயதில், ஸ்வீடனின் ஸ்மோலாந்து மாகாணத்திலிருந்து தனியாக வந்தவர். ஸ்மோலாந்து எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டால் இங்கே எல்லாரும் கல்லைத்தான் சொல்வார்கள். உழுதால் கல், தோண்டினால் கல். பொறுக்கிப் பொறுக்கி வயலைச் சுற்றி மதிலாக அடுக்கியிருக்கிறார்கள், அந்த மதில்கள் இன்றும் நிற்கின்றன. இருக்கிற துண்டு நிலத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்தால் மிஞ்சுவது மதில்தான். அந்தப் பெண் கோத்தன்பர்க்கில் கப்பல் ஏறி, இங்கிலாந்தில் ஹல்லில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், மறுபடியும் கப்பலில் நியூயார்க். அப்போது எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் இல்லை, அது 1892இல்தான் திறந்தது. அதற்கு முந்தைய நிலையமான காசில் கார்டனில் இறங்கியிருக்கிறார். வீட்டு வேலைக்கு நின்று, பிறகு கல்யாணம், பால் மாடு.

1934இல் என் மாமியார் பிறந்தார். அவருடைய 14 வயது வரைக்கும் அந்தக் கிழவி உயிரோடு இருந்தார். மாமியாருக்குத் தெரிந்த ஒரே பாட்டி அவர்தான். அப்பா வழிப் பாட்டியைப் பார்த்ததே இல்லை. ஆக, அவர் காதில் மோர்மோர் என்றால் பாட்டி, அவ்வளவுதான். அது இரண்டு துண்டு சேர்ந்த சொல் என்பதே அவருக்கு வெகுநாள் தெரியாதாம். 60 வயதுக்கு மேல் யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. என் மகள் முதன்முதலில் மோர்மோர் என்றபோது, நாத்தனார் திருத்தப் போனாராம். "விடு, அது என் பாட்டியோட பேர்" என்றாராம் மாமியார்.

எனக்கு இதையெல்லாம் ஒருத்தரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வார்கள், கேட்காததைச் சொல்லவே மாட்டார்கள். அதுதான் இவர்கள்.


வடக்குக்காற்று · பிப்ரவரி 13, காலை 10:05

அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அப்ப அது மோர்மோர்தான். மாத்தாதேங்கோ.

அந்தப் பெரிய கிழவியைத் தேடிப் பாக்க விருப்பமெண்டால் ஊர் தெரிஞ்சால் போதும். அந்தக் காலத்தில இஞ்ச ஒவ்வொரு பங்கிலயும் பாதிரியார் வீட்டு விசாரணைப் பதிவேடு வச்சிருந்தவர். வருசா வருசம் வந்து, வீட்டில உள்ள எல்லாரையும் வாசிக்கச் சொல்லி, ஞானோபதேசம் கேட்டு, ஆளாளுக்குக் குறி போடுவார். வேலைக்காரப் பிள்ளையையும் விடமாட்டார். ஆர் எப்ப அமெரிக்கா போனது எண்டும் அதில இருக்கும். தேசிய ஆவணக் காப்பகம் இந்தப் படங்களை 2018 தொடக்கம் இலவசமாய்த் திறந்து விட்டிருக்கு.


இனிஷியல்_கே · பிப்ரவரி 13, காலை 11:40

தேடும்போது குடும்பப் பெயரை நம்பாதீர்கள். நானும் என் அலுவலக நண்பருக்காக இந்தப் பதிவேடுகளில் தலையை விட்டவன். நம் இனிஷியல் கதைதான் அங்கேயும். அப்பா பெயர் யோஹான் என்றால் மகன் யோஹான்சன், மகள் யோஹான்ஸ்டொட்டர். அடுத்த தலைமுறையில் மாறிவிடும். 1901இல் சட்டம் வந்த பிறகுதான் பெயர்கள் நிலைத்தன. அமெரிக்கா போனதும் 'டொட்டர்' எல்லாம் 'சன்' ஆகி, ஆங்கில எழுத்தில் இருந்த இரண்டு 's' ஒன்றாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கேட்டு நாம் அப்பா பெயரை எழுதி, பிறகு அமெரிக்காவில் எல்லாரும் நம்மை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, அதே கூத்து.


எடிசன்வாசி · பிப்ரவரி 13, மாலை 5:15

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. 1889இல் வந்தவருக்கு ஸ்வீடிஷ்தான் பேச்சு. பேத்திக்கு ஒரு சொல் மிச்சம், அதற்கும் அர்த்தம் தெரியாது. இரண்டே தலைமுறை! 1840களிலிருந்து 1930 வரைக்கும் ஏறத்தாழ 13 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். 1900இல் ஸ்வீடனின் மக்கள்தொகையே 51 லட்சம்தான். அவ்வளவு பெரிய கூட்டம், சொந்தப் பத்திரிகை, சொந்தக் கல்லூரி, சொந்தத் தேவாலயம் எல்லாம் வைத்திருந்து மொழியைக் காப்பாற்ற முடியவில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?


நேர்கோடு · பிப்ரவரி 13, மாலை 5:50

இதைத்தான் நானும் சொல்கிறேன். வீட்டில் சொந்த மொழி பேசாதவர்களுக்கு வம்சப் பெருமை எதற்கு? டிசம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றி, மரக்குதிரை வாங்கி வைத்தால் ஸ்வீடன்காரர் ஆகிவிட முடியுமா?


போடிக்காரி · பிப்ரவரி 13, இரவு 11:10

நேர்கோடு அவர்களுக்கு. மொழியை அவர்களாகவா விட்டார்கள்? முதல் உலகப் போர் சமயம், 1917இல், மினசோட்டாவில் பொதுப் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று போட்டார்கள். வெளிநாட்டு மொழி பேசுகிறவன் எல்லாம் சந்தேகத்துக்குரியவன். ஜெர்மன்காரர்களுக்குத்தான் அடி அதிகம், ஆனால் பயம் எல்லாருக்கும் வந்தது. என் மாமியாரின் அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெரியவர்கள் விலைவாசியும் ரகசியமும் பேச மட்டுமே ஸ்வீடிஷ். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஜெபம் மட்டும் மனப்பாடம். என் மாமியார் அதைக் கடைசி வரைக்கும் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டால் தெரியாது. நாம் சஷ்டி கவசம் சொல்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

புள்ளிக் கதை தெரியுமா உங்களுக்கு? லிண்ட்ஸ்ட்ராம் ஊர்ப் பெயரில் 'ஓ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. 2012இல் நெடுஞ்சாலைத் துறை புதுப் பெயர்ப்பலகை வைத்தபோது, அந்த இரண்டு புள்ளியையும் எடுத்துவிட்டது. ஊர் முழுக்கப் புகைச்சல். 2015இல் ஆளுநர் மார்க் டேட்டன் தலையிட்டு, தேவைப்பட்டால் நானே வந்து பெயின்ட் அடிப்பேன் என்று சொல்லித் திரும்பப் போட வைத்தார். காப்பிப் பானை வடிவத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டி வைத்திருக்கிற ஊர், இரண்டு புள்ளிக்கு இவ்வளவு ரகளை. நான் மாமியாரிடம், "உங்களுக்குத்தான் ஸ்வீடிஷே தெரியாதே, புள்ளி இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று கிண்டலாகக் கேட்டேன். "அது தூசி இல்லையே, துடைப்பதற்கு" என்றார். எங்கள் மொழியில் புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அதை மடித்து அகராதிக்குள் வைத்துக்கொண்டார்.


ரயில்வேகாலனி · பிப்ரவரி 14, காலை 5:50

அம்மா, நேர்கோட்டுக்குப் பதில் சொல்லி மூன்று நிமிடத்தை வீணாக்காதீர்கள். நாளைக்குச் சனிக்கிழமை. பொருள் கிடைத்ததா?


போடிக்காரி · பிப்ரவரி 14, காலை 8:30

கிடைத்தது சார். ஏலக்காய்.

2003 டிசம்பர், நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனது. வெளியே பனி, உள்ளே யாரும் பேசவில்லை, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது. சமையலறையிலிருந்து மெலிசாக ஒரு வாசனை. ஏலக்காய்! ஸ்வீடன்காரர்கள் இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் போடுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மாவைச் சடை மாதிரி பின்னிச் சுடுவார்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். உள்ளே இருந்தது வெளுக்க வைத்த வெள்ளை ஏலக்காய். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, உயிரே இல்லை.

என் அப்பா போடியில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருந்தவர். அடுத்த வருடம் போகும்போது, எட்டு மில்லிமீட்டர் ரகம், பச்சை மாறாத காய், இரண்டு கிலோ பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மாமியார் பொட்டலத்தைப் பிரித்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே நின்றார். நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறோம். கடைசியில் "மோசமில்லை" என்றார். என் கணவர் என் காதில் சொன்னார்: "இதற்கு மேல் பாராட்ட அம்மாவுக்குத் தெரியாது."

அவருடைய மோர்மோரின் ரொட்டிக் குறிப்பு ஒரு அட்டையில் இருந்தது. யாரும் அதில் கை வைக்கக் கூடாது. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னபோதுகூட அட்டையைத் திருத்தவில்லை. அன்றைக்குப் பென்சிலை எடுத்து ஏலக்காய் அளவுக்குப் பக்கத்தில் "பாதி" என்று எழுதினார். போடிக் காய் அவ்வளவு காரம்.

இதைத்தான் சொல்லப் போகிறேன். எழுதி வைத்துப் படித்துப் பார்த்தேன், 2 நிமிடம் 50 நொடி.


சுக்குகாப்பி · பிப்ரவரி 14, காலை 8:44

பத்து நொடி மிச்சம். அழுதுகொள்ளலாம்.


போடிக்காரி · பிப்ரவரி 16, ஞாயிறு, மதியம்

நல்லபடியாக முடிந்தது. நான் பேசும்போது யாரும் அழவில்லை. "மோசமில்லை" என்ற இடத்தில் மட்டும் கடைசி வரிசை வரைக்கும் சிரிப்பு ஓடியது. இறங்கி வந்தபோது 80 வயதுக் கிழவர் ஒருவர் என் கையைப் பிடித்து, "பள்ளிக்கூடத்தில் எனக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடப் போடுவாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கணக்குப் பார்த்தால் அவர் படித்த காலத்தில் மாமியார் அங்கே வேலையில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் அந்தப் பள்ளியில் காவலாளியாம்.

லீனா சாண்டெல் என்ற ஸ்வீடன் பெண் கவிஞர் எழுதிய தேவாலயப் பாட்டைப் பாடினார்கள். முதல் சரணம் மட்டும் ஸ்வீடிஷில். ஏழெட்டுக் கிழங்கள்தான் வாயசைத்தார்கள். வடக்குக்காற்று, அவர் உங்கள் பக்கம்தானே?

பிறகு கீழ்த்தளத்தில் சாப்பாடு. வெண்ணெய் தடவிய பன்னில் பன்றித் தொடை இறைச்சி, உருளைக்கிழங்கு, ஏழெட்டு வகை பிஸ்கட், முட்டைக் காப்பி. முகம் சுளிக்காதீர்கள். முட்டையை ஓட்டோடு நொறுக்கிக் காப்பித்தூளில் பிசைந்து கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். இறக்கியதும் ஒரு குவளை பச்சைத் தண்ணீர். தூளெல்லாம் முட்டையோடு சேர்ந்து கட்டியாகி அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்த தேன் நிறத்தில் கசப்பே இல்லாத காப்பி. ஃபில்டர் வைத்திருக்கிற நமக்கு இது தேவையில்லைதான். ஆனால் நூறு பேருக்குப் போட இதுதான் சுலபம். என் பிள்ளைகள்தான் பரிமாறினார்கள்.


வடக்குக்காற்று · பிப்ரவரி 16, மாலை

ஓம் அக்கா, லீனா சாண்டெலும் ஸ்மோலாந்துதான். தகப்பன் பாதிரியார். 1858இல வெத்தெர்ன் ஏரியில மகளின்ர கண்ணுக்கு முன்னால தண்ணியில விழுந்து செத்துப்போனார். அந்தப் பாட்டு அதுக்கு முதலே எழுதினது எண்டுறதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்கிறது. இஞ்சயும் ஞானஸ்நானத்துக்கும் பாடுவினம், செத்த வீட்டுக்கும் பாடுவினம்.


போடிக்காரி · மார்ச் 22, சனிக்கிழமை

வீட்டை ஒழிக்கிறோம். சாவதற்கு முன்னாலேயே தன் சாமான்களைத் தானே ஒழித்து வைப்பது ஸ்வீடன்காரர்களிடம் பழக்கம், அதற்கென்று தனிச் சொல்லே உண்டு. மாமியாருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் வீட்டில் எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் ஒட்டு நாடா, அதில் பென்சிலில் ஒரு பெயர். கடிகாரம் மூத்த பேரனுக்கு. தையல் பெட்டி நாத்தனாருக்கு. பித்தளைச் சின்ன உரலும் குழவியும் என் மகளுக்கு. சண்டை போடவே வழியில்லாமல் செய்துவிட்டார்.

அகராதியில் நான் எழுதிக் கொடுத்த தாள் அப்படியே இருக்கிறது. பதிவேட்டிலும் அந்தப் பெரிய கிழவியைக் கண்டுபிடித்துவிட்டேன், தங்கச்சி. வாசிப்புக்கு நல்ல குறி, ஞானோபதேசத்துக்குச் சுமார்.

இன்றைக்கு உறைபெட்டியைக் காலி செய்தோம். அடியில் ஒரு கண்ணாடி ஜாடி, கால்வாசி ஏலக்காய். மேலே ஒட்டு நாடாவில் அவர் கையெழுத்து: "போடி. பாதி போதும்."

நாத்தனார் ஜாடியை வாங்கி முகர்ந்தார். "எங்க வீட்டிலயும் தீர்ந்துபோச்சு, போடி வாங்கணும்னு ரெண்டு வாரமா சீட்டில எழுதி வச்சிருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏலக்காய்க்குத் தமிழில் போடிதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.